ஷோவாக்காரர்

— வேணாம் அண்ணி, நான் வாசல்லயே நிக்கறேன். உள்ள வர்றதுக்கு எனக்கு முகமில்ல.

— முகத்த வீட்டுலயே வச்சுட்டா வந்தீங்க, தலைவரே? நிக்கறதுன்னா கதவச் சாத்திட்டு நில்லுங்க. ஏப்ரல் முடியப் போவுது, இன்னும் காத்து காத அறுக்குது.

— தலைவரேன்னு கூப்பிடாதீங்க. கடைத்தெரு சங்கத்துத் தலைவர் பதவிய விட்டு ஒம்பது வருஷமாச்சு. செருப்புக்கடையையும் மூடியாச்சு. இப்ப நான் வெறும் ஹிபினோ.

— அப்போ மீன்கடை வாசல்ல ஒட்டியிருக்கற போஸ்டர்ல "விழாக் குழுத் தலைவர் ஹிபினோ"ன்னு போட்டிருக்கே, அது வேற யாரோவா?

— அது நகராட்சிக்காரங்களாப் போட்டது.

— படத்துல பல்லெல்லாம் தெரியச் சிரிச்சது கூட நகராட்சிக்காரங்கதானா? சரி, கையில என்ன?

— பயறு அல்வா. பெரிய கோயில் பக்கத்துக் கடையில வாங்குனேன்.

— குடுங்க பாப்போம். ஏயப்பா. ஏங்க, இங்க வந்து பாருங்க, நம்ம ஹிபினோ அல்வா கொண்டாந்திருக்காரு. தூக்க முடியல. ஆறு கட்டி இருக்கும்போல.

— எட்டு.

— எட்டாம். மன்னிப்புக் கேக்கப் போறவங்கதான இந்த அல்வாவத் தூக்கிட்டுப் போவாங்க. தப்பு எவ்ளோ பெருசோ அவ்ளோ கனம். எங்க சின்ன மாமனார் பக்கத்து வீட்டுக் கூரைக்குத் தீ வச்சாரு, அதுக்கே அஞ்சு கட்டிலதான் முடிச்சோம். எட்டுக் கட்டிக்கு நீங்க என்ன பண்ணுனீங்க?

— தோகி, அவன உள்ள விடு.

— கேட்டுச்சு பாருங்க. நான் கூப்பிட்டா கேக்காது, அல்வான்னா கேக்கும்.

— வணக்கம் உசாமிண்ணே.

— ம். உக்காரு. கால நீட்டிக்கோ, உனக்கு மூட்டுவலி.

— இல்லண்ணே, மண்டி போட்டே உக்கார்றேன். இன்னைக்கு எனக்கு வலிச்சாத்தான் சரி.

— என்ன விஷயம்?

— மொதல்ல உங்க உடம்பு எப்படி...

— எம்பத்து நாலு வயசு உடம்பு. விஷயத்தச் சொல்லு.

— வர்ற இருபத்தொம்போதாம் தேதி ஷோவா நாள் லீவு. அன்னைக்கு நம்ம மிசோனோ கடைத்தெருவ "ஷோவா தெரு"ன்னு பேரு வச்சுத் தொறக்கறோம்ண்ணே.

— தெரியும். நாப்பத்தோரு கடையில ஆறுதான் தொறந்திருக்கு. போஸ்டர் மட்டும் நாப்பத்தொண்ணுலயும் இருக்கு.

— ஒசாகாலருந்து நாலு பஸ் வருது. கூட்டிச் சொல்லலண்ணே.

— மூணுன்னு மீன்கடைக்காரரு சொன்னாரே, தலைவரே.

— மூணு பஸ்சு, ஒரு வேன். வேனும் பெரிய வேன் அண்ணி.

— வந்து எதப் பாப்பாங்க?

— பழைய சாமானத்தான்ண்ணே. மரப்பெட்டி ரேடியோ, நாலு கால் வச்ச கறுப்பு வெள்ளை டிவி, கையால சுத்தித் துணி பிழியற வாஷிங் மெஷினு, கடை வாசல்ல மாட்டற இரும்புத் தகட்டு விளம்பரம். இப்ப அதுக்குத்தான் கிராக்கி. நகராட்சியில நருமின்னு ஒரு பொண்ணு இருக்கு, இருபத்தாறு வயசு. அதுகிட்ட உங்க கடையோட பழைய போட்டோ ஒண்ணக் காட்டுனேன். கண்ணுல தண்ணி வந்திருச்சு. "ஷோவா, ஷோவா, என்ன அழகு"ங்குது.

— அழகாமா? எம் பேத்தி கொஹாரு அப்படிச் சொல்றதில்லையே. பரிசு சுத்தி வந்த தாளக் கிழிக்காம மடிச்சு வச்சா, "பாட்டி, அது ஷோவா". போன எடுத்ததும் பேரையும் ஊரையும் சொன்னா ஷோவா. போன மாசம் பல் டாக்டரு என் வாய்க்குள்ள லைட்டடிச்சுப் பாத்துட்டு, "ஓ, இது ஷோவாக் கட்டு"ன்னாரு. வாயப் பொளந்தபடியே நான் அவருகிட்ட மன்னிப்புக் கேட்டேன்.

— எனக்கு எம் மருமகன் சொல்றான் அண்ணி. நான் ஒரு ஜோக்கு சொன்னா, தோளத் தட்டிக் குடுத்துட்டு, "மாமா, இது ஷோவா." தட்டாமச் சொன்னாக்கூடத் தாங்கிக்குவேன்.

— பழசுன்னா பழசுன்னு சொல்லிட்டுப் போகலாம். உதவாதுன்னா உதவாதுன்னு சொல்லலாம். எதுக்குக் காலத்தோட பேரச் சொல்லணும்?

— என்னண்ணே?

— அது ஒரு சக்கரவர்த்தி இருந்த காலத்துக்கு வச்ச பேரு. அறுபத்து நாலு வருஷக் கணக்கு. என் பொறப்புப் பதிவுல ஷோவா பதினாறு. கல்யாணப் பதிவுல ஷோவா நாப்பது. அவரு போனதும் ஹெய்செய் வந்துச்சு, அதுவும் போயி இப்ப ரெய்வா. ஹெய்செய்ன்னு சொல்லி யாரும் யாரையும் மட்டந்தட்டல.

— வரும்ங்க. கொஹாருக்கு ஒரு பேத்தி பொறக்கட்டும்.

— அதே வார்த்தையத்தான் அந்த நருமிப் பொண்ணு கொஞ்சிக் கொஞ்சிச் சொல்லுதுண்ணே. எப்ப திட்டு, எப்ப பாராட்டுன்னு எனக்குப் பிடிபடல.

— சொல்றவனுக்கு வயசு பாரு. அந்தக் காலத்துல பொறக்கவே இல்லாதவன் சொன்னா பாராட்டு. பாதி அதுல வாழ்ந்துட்டுத் தப்பிச்சு வந்தவன் சொன்னா திட்டு.

— எந்தப் புண்ணியவான் மொதல்ல ஆரம்பிச்சானோ.

— நான்தான் அண்ணி.

— என்னது நீங்க?

— இந்த ஜப்பான்லயே அந்தச் சொல்ல மொதமொதல்ல வசவாச் சொன்னவன் நான்தான். கூட்டிச் சொல்லல. சக்கரவர்த்தி போயி முப்பத்தஞ்சு நாள்தான் ஆகியிருந்துச்சு. துக்கம்னு தள்ளி வச்ச நம்ம சங்கத்துப் புத்தாண்டு விருந்து. எனக்கு முன்னாடி வேற எவனுக்கும் அது தோணியிருக்க நேரமே இல்ல.

— இதுலயும் இவருக்கு மொத எடம் வேணும்.

— அது இருக்கட்டும். நீ வந்தது என் குடோனுக்கு.

— ஆமாண்ணே.

— கேளு.

— உங்க ரேடியோ டிவிக் கடையில புதுசு வாங்க வந்தவங்க விட்டுட்டுப் போன பழசு பூராவும் அந்தக் குடோன்லதான் இருந்துச்சு, எனக்குத் தெரியும். ஹெய்செய் பொறந்ததும் நாங்க தெரு பூராவும் பழசக் கழட்டி எறிஞ்சோம். எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை. நீங்க ஒருத்தர் மட்டும் முடியாதுன்னீங்க. இன்னைக்குத் தெருவுல ஒரு தகரடப்பா கூட மிச்சமில்ல. எல்லாம் உங்க பூட்டுக்குள்ளதான் இருக்கு. ஒரே ஒரு வாரத்துக்குக் குடுங்கண்ணே. முந்நூறு சாமான்.

— முந்நூறுன்னு யாரு எண்ணுனா?

— நான்தான். நகராட்சிக் கூட்டத்துல.

— என்னன்னு சொன்னே?

— உசாமிண்ணன் சம்மதிச்சுட்டாரு, முந்நூறு சாமான் தர்றாருன்னு.

— நான் எப்போ சம்மதிச்சேன்?

— நீங்க சம்மதிக்கலண்ணே.

— எப்போ நடந்துச்சு அந்தக் கூட்டம்?

— பிப்ரவரில. வாயத் தொறந்தேன், வந்திருச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. கை தட்டுனதுக்கப்புறம் வார்த்தைய எப்படித் திருப்பி வாங்கறது?

— ரெண்டு மாசமா இந்த வாசல் வழியாத்தானே போயிட்டு வந்தே?

— பன்னெண்டு தடவ பெல்லு வரைக்கும் வந்தேன்ண்ணே. இது நெசமாவே கூட்டிச் சொல்லல. விரல் போகும், திரும்பிடும். ஒரு தடவ அண்ணி கதவத் தொறந்துட்டாங்க, நான் குனிஞ்சு ஷூ நாடா கட்டுற மாதிரி நடிச்சேன்.

— அன்னைக்கு நீங்க ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தீங்க, தலைவரே.

— இன்னும் எட்டு நாள்தான் இருக்கு. குடோன் தொறக்கலன்னா மூணு பஸ்சும் வேனும் வந்து மூடுன கதவுகளப் பாத்துட்டுத் திரும்பிடும். அந்த ஆறு கடையும் இதத்தான் நம்பிக்கிட்டு இருக்கு. ஹிபினோ புளுகுனான்னு ஊரு சொல்லும். சொல்லட்டும், அது சரிதான. ஆனா மீன்கடைக்காரரு என்னப் பாத்து ஒண்ணும் சொல்லாமக் கதவச் சாத்துவாரு பாருங்க, அத நெனச்சா ராத்திரி தூக்கம் வரல.

— எட்டுக் கட்டியும் இதுக்குத்தானா?

— இதுக்கு ஒரு கட்டி அண்ணி.

— மிச்ச ஏழு?

— அது... இவருக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியல.

— சொல்லிப் பாரு.

— அந்த விருந்துல நீங்க எந்திரிச்சு, "எங்கப்பா மாட்டுன பலகையக் கழட்ட மாட்டேன்"னீங்க. எனக்கு முப்பத்தொம்போது வயசு. இளைஞர் அணித் தலைவன். கையில மைக். "உசாமிண்ணன் இன்னும் ஷோவாவுல நின்னுட்டாரு, யாராவது போயி மணி ஆச்சுன்னு சொல்லுங்கப்பா"ன்னேன். கூரை பறக்கற மாதிரி சிரிப்பு. நானூறு பேரு.

— நாப்பத்தோரு கடை. அம்பத்தி ரெண்டு பேரு.

— அம்பத்தி ரெண்டு பேருண்ணே. ஆனா நானூறு பேர் சிரிப்பு. எனக்குப் போதை ஏறிடுச்சு. சாராயத்தால இல்ல, அந்தச் சிரிப்பால.

— அதுக்கு ஏழு கட்டி ரொம்ப அதிகம். மைக்குல பேசுனத நான் கேட்டேன்.

— மைக்கோட நின்னிருந்தாப் பரவால்லண்ணே. கழட்டி எறிய வேண்டிய சாமான்ல ஒட்டறதுக்குன்னு நாங்க சீட்டு அச்சடிச்சு வச்சிருந்தோம். செவப்புல, பெருசா, "ஷோவா"ன்னு. அதுவும் என் யோசனைதான். அப்புறம் உங்க பக்கத்துல வந்து உக்காந்து, கோவிச்சுக்காதீங்கண்ணேன்னு உங்களுக்கு ஊத்திக் குடுத்து, முதுகத் தடவுனேன்ல...

— தடவுனே.

— அப்போ ஒட்டிட்டேன். கோட்டுல. முதுகுல.

— எந்திரிங்க தலைவரே. நெத்தியப் பாயில வச்சு அழுத்துனா அச்சு விழுந்துடும், வெளிய எப்படிப் போவீங்க?

— விழட்டும் அண்ணி. மத்தியானம் மூணு மணி. கடையெல்லாம் தொறந்திருக்கு. இவரு அந்தச் சீட்டோட தெருவோட இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து போனாரு. நாங்க மாடி ஜன்னல்லருந்து பாத்துக்கிட்டு இருந்தோம். ஒருத்தனும் எறங்கிப் போயி எடுக்கல. நானும் எறங்கல.

— எனக்குத் தெரியும் ஹிபினோ.

— தெரியுமா?

— தபாலாபீஸ் போனேன். தோகிக்கு இருமல் மருந்து வாங்குனேன். வழியில பதினேழு பேர் என்னப் பாத்துச் சிரிச்சாங்க. கூட்டத்துல எதுத்துப் பேசிட்டமே, எல்லாரும் மொகத்தத் திருப்பிக்குவாங்கன்னு நெனச்சுக்கிட்டே நடந்தேன். ஆனா எல்லாரும் சிரிக்கிறாங்க. இத்தன பிரியமா நம்ம மேலன்னு நெனச்சேன். பதினேழு பேருக்கும் நின்னு நின்னு குனிஞ்சு வணக்கம் சொன்னேன். குனிஞ்சா முதுகு இன்னும் நல்லாத் தெரியுமில்ல.

— அண்ணே.

— வீட்டுக்கு வந்ததும் இவதான் எடுத்தா.

— நான் எடுத்து அடுப்புல போட்டேன். கேக்காதீங்க தலைவரே. அன்னைக்கு இந்த மனுஷன் சாப்பிட்ட அழக நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல.

— முப்பத்தாறு வருஷமா நான் உங்கள எங்க பாத்தாலும் மொதல்ல உங்க முதுகத்தான்ண்ணே பாப்பேன். கல்யாண வீட்டுல, எழவு வீட்டுல. மன்னிச்சிருங்கன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. சாமான் குடுக்க வேணாம். நான் வந்த வழியே போறேன்.

— உக்காரு.

— இல்லண்ணே...

— உக்காருன்னேன். தோகி, சாவிய எடு.

— ஏங்க.

— எடு.

— இத்தன வருஷத்துக்கு அப்புறமா? யோசிச்சுச் சொல்லுங்க. நீங்களே வாயாலச் சொல்லிடுங்களேன்.

— நீ சொல்லு.

— என்னால முடியாது.

— அப்போ சாவியக் குடு. ஹிபினோ, போயித் தொறந்து பாத்துட்டு வா. கதவு வலது பக்கமாத் தள்ளணும். கொஞ்சம் தூக்கித் தள்ளு.

— அண்ணே, உங்களுக்கு நான் என்ன கைம்மாறு...

— போ. பாத்துட்டு வந்து பேசு.

— அல்வாவ வெட்டட்டுமாங்க?

— இப்ப வேணாம்.

— கதவத் தூக்கித் தள்ளற சத்தம் கேக்குதுங்க.

— கேக்குது.

— வந்துட்டாரு. தலைவரே, உள்ள வாங்க.

— அண்ணே. உள்ள ஒரு நாற்காலிதான் இருக்கு.

— ம்.

— ஒரு நாற்காலி. ஒரு தொடப்பம். வேற ஒண்ணுமில்ல. வேற எங்கயாச்சும் மாத்தி வச்சிருக்கீங்களாண்ணே?

— கொட்டிட்டேன்.

— எப்போ?

— உங்க விருந்துக்கு மறுநாள். விடியறதுக்குள்ள எந்திரிச்சு, நானே வண்டியில ஏத்தி, ஆத்துக்கு அந்தப் பக்கம் குப்பை கொட்டற மேட்டுக்கு ஏழு நடை. எங்கப்பாவோட தகட்டுப் பலகைய மொத நடையிலயே எடுத்தேன். அந்தச் சொல்லு ஒட்டிக்கும்ங்கற மாதிரி எந்தச் சாமானத் தொட்டாலும் கை கூசுச்சு. நீங்க வந்து கழட்டச் சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு வருஷம் சண்டை போட்டிருப்பேன். நீங்க வரவே வேண்டியிருக்கல.

— அப்புறம் எதுக்குண்ணே அவ்ளோ பெரிய பூட்டு?

— காலியாக் கெடக்கறத யாரும் பாக்கக் கூடாதுன்னு பூட்டுனேன். பூட்டப் பாத்துட்டு ஊரா முடிவு கட்டிடுச்சு, உசாமி ஒண்ணையும் விட்டுக் குடுக்கல, எல்லாத்தையும் உள்ள வச்சுக் காப்பாத்தறாருன்னு. மொதல்ல அரிசிக்கடைக்காரன் வந்து கையப் பிடிச்சுக்கிட்டு, உங்க ஒருத்தருக்குத்தான் முதுகெலும்பு இருக்குன்னான். அன்னைக்கே இல்லன்னு சொல்லியிருக்கணும். சொல்லல.

— பத்திரிகைக்காரங்க வந்தப்பவும் சொல்லல இவரு. அந்தக் கதவுக்கு முன்னாடி கை கட்டி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாரு. நான்தான் சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

— மழை நாள்ல உள்ள போயி உக்காந்திருப்பேன். தெருவுல யாராச்சும் போற சத்தம் கேட்டா தொடப்பத்தால சொவரத் தட்டுவேன். சாமான் நகத்தற மாதிரி இருக்கும். எம்பத்து நாலு வயசுல இந்தப் பொழப்பு. நீ ஒரு தடவ என் முதுகுல ஒட்டுனே. நான் முப்பத்தாறு வருஷமா முன்பக்கம் வேற ஒண்ண ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். யாருக்கு யாரு அல்வா தூக்கணும்?

— அந்த மீன்கடைக்காரரு உங்கள எவ்ளோ மதிக்கறாருண்ணே. அவரு பையனுக்கு உங்க பேரயே வச்சிருக்காரு.

— அதான் சொல்றேன்.

— உங்க போன் அடிக்குது, தலைவரே.

— நருமிப் பொண்ணு. லாரி எத்தன மணிக்கு அனுப்பறதுன்னு கேக்கும்.

— எடு. காலியா இருக்குன்னு சொல்லு. உசாமி முப்பத்தாறு வருஷமா ஊர ஏமாத்துனாருன்னும் சொல்லு. போதும் எனக்கு.

— வேணாம்ங்க. நாளைக்கு மீன்கடைக்கு நான் எந்த முகத்தோட போவேன்?

— எடுன்னேன் ஹிபினோ.

— ஹலோ. ஆமாம்மா, ஹிபினோதான் பேசறேன். அவங்க வீட்டுலதான் இருக்கேன். லாரி வேணாம். இல்ல, நாளைக்கும் வேணாம்.

— சொல்லிடு.

— கேளும்மா. கூட்டத்துல அவரு சம்மதிச்சுட்டாருன்னு சொன்னேன்ல, அது நானா விட்ட புளுகு. அவருகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. முந்நூறுங்கறதும் நான் வாய்க்கு வந்ததச் சொன்னது. ஆமா. பஸ்காரங்களுக்கு நானே போன் பண்ணி மன்னிப்புக் கேக்கறேன். அந்த ஆறு கடைக்கும் நானே நேருல போறேன். எல்லாம் என் தப்புன்னு எழுதிக்கோ, போஸ்டர்லருந்து என் பேரத் தூக்கிடு.

— என்னங்க சொல்றாரு இவரு?

— பேசாம இரு.

— இன்னைக்கா? கேட்டேம்மா. கால்ல விழுந்தே கேட்டேன். கையிலருந்த எட்டுக் கட்டி அல்வாவையும் பிடுங்கித் தெருவுல வீசிட்டாரு. கம்பெடுத்து வாசல் வரைக்கும் வெரட்டுனாரு, எம்பத்து நாலு வயசுல என்ன ஓட்டம்ங்கற. கூட்டிச் சொல்லல.

— ஹிபினோ.

— இல்லம்மா, மேயர் வந்து கேட்டாலும் நடக்காது. நாங்கல்லாம் சிரிச்சு, அவமானப்படுத்தி, அப்பவும் ஒரு சாமானக்கூட வெளிய எடுத்துப் போடாத மனுஷன். அந்தப் பூட்டு தொறக்காது. விட்டுரு. அவரு ஷோவாம்மா.